இணையப் பாடநூல்களிற் சொல் தேடி விஷயம் அறியும் முறை

பயிர்த் தொழிலைப் பற்றிய நூல்கள் முற்காலத்தில் இலாகா அலுவலகத்து அலமாரியிலும் விவசாயக் கல்லூரிப் புத்தகசாலையிலும் மட்டுமே இருந்து வந்தன. இப்பொழுது அவற்றிற் பெரும்பகுதி கைப்பேசியிலேயே காணக் கிடைக்கின்றது. கோயமுத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் நடத்தி வரும் வேளாண் இணையதளத்தில் ஒவ்வொரு பயிரின் சாகுபடி முறையும், அதனைத் தாக்கும் பூச்சிகளும், நோய்களும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டிருக்கின்றன. மேல்நிலைப் பள்ளிகளின் தொழிற்கல்விப் பிரிவுக்குரிய வேளாண் அறிவியல் பாடநூல்களைத் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தார் இணையத்தில் விலையின்றி அளித்திருக்கின்றனர். ஆகவே, நூல் கிடைக்கவில்லை என்னும் குறை நமது கிருஷ்ணகிரி ஜில்லாவில் இனி இல்லை. நூற்றுக்கணக்கான பக்கங்களுள் நமக்கு வேண்டிய ஒரு பத்தியைக் கண்டெடுப்பது எவ்வாறு என்பதே இப்பொழுதுள்ள குறை.

இது சிறிய விஷயமன்று. பாரூர் பெரிய ஏரியின் கிழக்கு, மேற்குக் கால்வாய்களில் நீர் திறந்து நடவு முடிந்த பின், பயிரில் நோய் கண்டால் அதற்குப் பரிகாரம் செய்யச் சில தினங்களே அவகாசம் உண்டு. இராயக்கோட்டைப் பக்கத்தில் தக்காளி பயிரிடுவோர்க்கு அவ்வவகாசம் இன்னும் குறைவு. அத்தருணத்தில் தவறான பத்தியைக் கண்டு தவறான மருந்தைத் தெளித்தால், மருந்தின் விலையும், கூலியும், பயிரும் ஒருங்கே நஷ்டமாகும்.

தேடும் வழி இருவகைப்படும். ஒன்று, நூல் முழுவதையும் அல்லது ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே ஒரு சொல்லைத் தேடுதல். கணினியில் கண்ட்ரோல் என்னும் விசையையும் எஃப் என்னும் விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு கட்டம் தோன்றும். கைப்பேசியின் உலாவியில் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் பக்கத்தில் தேடுவதற்குரிய பகுதி காணப்படும். அதில் சொல்லை எழுதினால் அச்சொல் வருமிடங்கள் யாவும் வண்ணமிட்டுக் காட்டப்படும். மற்றொன்று, கூகுள் முதலிய தேடுபொறிகளில் எழுதி, உலகத்திலுள்ள பக்கங்கள் யாவற்றுள்ளும் தேடுதல். இவ்விரண்டாவது வழியில், சொல்லுக்குப் பின் 'சைட்' என்னும் ஆங்கிலச் சொல்லையும், அதனை ஒட்டி இடைவெளியின்றி முக்காற்புள்ளியையும், பல்கலைக்கழகத் தளத்தின் முகவரியையும் ஆங்கில எழுத்தில் எழுதினால், அத்தளத்திலுள்ள பக்கங்கள் மட்டுமே விடையாக வரும். விற்பனைக்காரருடைய விளம்பரங்களும், எவர் எழுதினார் என்று விளங்காத குறிப்புகளும் இதனால் விலகிவிடும். இரண்டு மூன்று சொற்கள் அதே வரிசையிற் சேர்ந்து வரவேண்டுமாயின் அவற்றை மேற்கோட்குறிகளுக்குள் எழுதுதல் வேண்டும்.

முதல் வகைத் தேடுதலில் கருவிக்குப் பொருள் தெரியாது. எழுத்து மட்டுமே தெரியும். கொடுத்த எழுத்துக்கள் அதே வரிசையில் எங்கெங்கு உள்ளனவோ அங்கங்கு நிறுத்தும். ஓர் எழுத்து மாறினும் நிறுத்தாது. தேடுபொறிகள் ஒருவாறு இணைச்சொற்களையும் ஊகித்துக் காட்டுமாயினும், தமிழ்ச் சொற்களில் அவ்வூகம் பல வேளைகளிற் பிசகுகின்றது. ஆகையால் எந்தச் சொல்லைக் கொடுப்பது என்பதிலேயே காரியம் அடங்கியிருக்கின்றது.

முதலாவது இடையூறு பெயர்களால் வருவது. நமது பகுதியில் 'ராகி' என்று வழங்கும் தானியத்திற்கு நூல்களிற் காணும் பெயர் 'கேழ்வரகு'. வேறு ஊர்களில் 'கேப்பை' என்றும் 'ஆரியம்' என்றும் கூறுவர். 'ராகி' என்று மட்டும் தேடுவோர்க்குச் சில பாடங்களில் ஒன்றுமே அகப்படாது. நூலிலோ நான்கு பக்கம் அதைப் பற்றியே இருக்கும். கொள்ளினைத் தென் ஜில்லாக்களில் 'காணம்' என்பர். நிலக்கடலை 'வேர்க்கடலை' என்றும், 'மல்லாட்டை' என்றும் பெயர் பெறும். ஓசூர், தளி, வேப்பனஹள்ளிப் பக்கங்களில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் மிகுதி. கொள்ளினைக் கன்னடத்தார் 'ஹுருளி' என்றும், தெலுங்கர் 'உலவலு' என்றும் அழைப்பதால், எல்லைக்கு அப்பாலிருந்து விதை வாங்குவோர் அப்பெயராலேயே அதனை அறிந்திருப்பர். இவற்றிற்கெல்லாம் பொதுவாய் நிற்பது தாவரவியற் பெயரே. கேழ்வரகுக்கு எலூசினே கோரகானா என்பது பெயர். இதனை ஆங்கில எழுத்தில் எழுதித் தேடினால் தமிழ் நூலிலும், பெங்களூர் விவசாயப் பல்கலைக்கழகத்தார் வெளியீட்டிலும் ஒரே பயிரைப் பற்றிய செய்தி கிடைக்கும். பயிருக்கு மட்டுமன்றிப் பூச்சிக்கும் நோய்க்கும் இவ்வழியே உறுதியானது. ஊருக்கு ஊர் மாறும் பெயரில் ஐயம் தோன்றும்பொழுது, முதலில் எந்தப் பக்கத்திலேனும் அதன் தாவரவியற் பெயரை அறிந்துகொண்டு, பின் அதனாலேயே மீண்டும் தேடுக.

இரண்டாவது இடையூறு சற்று வேடிக்கையானது. ஒரு சொல் வேறொரு சொல்லின் வயிற்றில் ஒளிந்திருப்பதுண்டு. 'கொள்ளு' என்று தேடினால் 'மேற்கொள்ளுதல்', 'பார்த்துக் கொள்ளுங்கள்' என்பன போன்ற தொடர்கள் எல்லாம் வந்து நிற்கும். 'துவரை' என்றால் 'இதுவரை', 'அதுவரை' என்பன வரும். 'தினை' என்று எழுதினால் 'பதினைந்து' வரும். பதினைந்தாம் நாள் களையெடுக்கும் செய்தி ஒவ்வொரு பயிரிலும் உண்டாதலால் இதற்கு முடிவே இல்லை. 'வரகு' தேடுவோர் கேழ்வரகைக் கடந்தே வரகினை அடைதல் வேண்டும். 'கரும்பு' என்றால் இலையிலுள்ள 'கரும்புள்ளி'களும் கூடவே வரும். மாமரம் வைத்திருப்போர் 'மா' என்னும் ஓரெழுத்தைக் கொடுத்தால் மாதம், மாவட்டம், மாற்றம் என யாவும் வந்து குவியும். நம் ஜில்லாவில் மாந்தோப்புகளும் மாங்கூழ்த் தொழிற்சாலைகளும் மிகுந்திருப்பதால் இது அன்றாடம் நேர்வதே.

இதற்குப் பரிகாரம் இரண்டு. சொல்லுக்கு முன் ஓர் இடைவெளி விட்டு எழுதினால் 'துவரை', 'தினை', 'வரகு' ஆகியவை தனித்து நிற்கும். கொள்ளுக்கு இது போதாது. 'எடுத்துக் கொள்ளும்' என்பதில் அச்சொல் இடைவெளிக்குப் பின்னரே வருகின்றது. அங்கு அப்பயிரோடு மட்டுமே சேர்ந்து வரக்கூடிய வேறொரு சொல்லைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். காவேரிப்பட்டணத்தை அடுத்த பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட கொள்ளு ரகங்களுக்குப் பையூர் 1, பையூர் 2 என்று பெயர். ஆகவே 'பையூர்' என்று தேடினால் விரைவில் உரிய இடத்தை அடையலாம். மாவிற்கு 'மாமர', 'மாம்பழ', அல்லது ரகத்தின் பெயராகிய 'பெங்களூரா', 'அல்போன்சா' என்பவற்றைக் கொடுக்க. தேடும் சொல் அரிதாயிருக்க இருக்க, விடை நெருங்கியிருக்கும்.

மூன்றாவது இடையூறு இலக்கணத்தால் வருவது. தமிழிற் பெயர்ச்சொல் வேற்றுமை உருபு ஏற்கும்பொழுது உருமாறும். 'மரம்' என்பது 'மரத்தில்', 'மரத்தின்' என்றாகும். 'மரம்' என்று தேடினால் இவை அகப்படா. ஆதலால் 'மரம்' என்று ஒருமுறையும், 'மரத்' என்று ஒருமுறையும் தேடுதல் வேண்டும். 'நெல்' என்பது 'நெற்பயிர்' என்றாகும்பொழுது லகரமே மறைந்துவிடும். அன்றியும் 'நெல்' என்று தேடுவோர்க்கு 'நெல்லி'யும் சேர்ந்து வரும். 'தென்னை', 'வாழை' முதலிய ஐகார ஈற்றுச் சொற்கள் வேற்றுமை உருபு ஏற்கும்பொழுது உருமாறாதிருப்பது ஓர் அனுகூலம். ஒற்று மிகுதலும், சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் அச்சிடுதலும் இவ்வாறே தொல்லை தருவன. ஒரே பூச்சி ஒரு பக்கத்தில் 'தத்துப்பூச்சி' என்றும், மற்றொன்றில் 'தத்துப் பூச்சி' என்றும், ஒற்றின்றித் 'தத்துபூச்சி' என்றும் எழுதப்பட்டிருக்கும். முழுப்பெயரையும் எழுதாமல் 'தத்து' என்று முன்பாதியை மட்டும் கொடுத்தால் மூன்றும் அகப்படும். பள்ளியிற் படித்த புணர்ச்சி விதிகள் வயலுக்கு எதற்கு என்று எண்ணியிருந்தோர்க்கு இங்கே அவை பயன்படுகின்றன.

இனி, பயிரிற் கண்ட குறியைக் கொண்டு நோயைத் தேடுவதைப் பற்றிக் கூறுவோம். பெரும்பாலோர் இடறுவது இங்கேதான்.

தக்காளிச் செடியின் இலைகள் சுருண்டு, செடி குன்றி, பூ உதிர்கின்றது என்று வைத்துக்கொள்வோம். நிலத்துக்குரியவர் 'இலை சுருட்டு' என்று எழுதித் தேடுகின்றார். முன்னே வருவது பெரும்பாலும் நெல்லின் இலைச்சுருட்டுப் புழுவாகும். அது இலையை மடித்து உள்ளிருந்து பச்சையத்தைச் சுரண்டும் புழு; அதற்குக் கூறப்பட்ட மருந்து புழுவைக் கொல்வது. தக்காளியின் இலைச்சுருளோ வைரஸ் என்னும் நச்சுயிரியால் உண்டாவது. வெள்ளை ஈ அதனைச் செடிக்குச் செடி பரப்புகின்றது. நோயுற்ற செடியைக் குணப்படுத்தும் மருந்து எதுவுமில்லை. அதனைப் பிடுங்கி அழித்தலும், எக்டருக்கு 12 வீதம் மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்து வெள்ளை ஈயைக் குறைத்தலும், அடுத்த போகத்துக்கு நாற்றங்காலை நுண்கண் நைலான் வலையால் மூடி வளர்த்தலுமே செய்யக்கூடியவை. நெற்புழுவின் மருந்தைத் தக்காளிக்குத் தெளித்தவர் நோயைத் தடுக்கவுமில்லை. நோயுற்ற செடிகளைப் பிடுங்கவுமில்லை. அதற்குள் ஈ தோட்டம் முழுதும் நோயைக் கொண்டு சென்றுவிடும். மிளகாயிலும் இலை சுருளும்; ஆனால் இலைப்பேன் தாக்கினால் ஓரங்கள் மேல்நோக்கியும், சிலந்திப்பேன் தாக்கினால் கீழ்நோக்கியும் சுருளும். ஆகவே குறியை மட்டும் எழுதித் தேடுதல் போதாது. பயிரின் பெயர், தாக்குண்ட உறுப்பு, கண்ட குறி ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதுக. அதற்கு மேலும் ஒரு வேறுபாட்டைக் கண்டிருந்தால் அதனையும் சேர்க்க.

'மஞ்சள்' என்னும் சொல்லில் இத்தொல்லை இரட்டிப்பாகின்றது. 'இலை மஞ்சள்' என்று தேடினால் மஞ்சட் பயிரின் இலைப்புள்ளி நோயும் வந்து நிற்கும். நிறமா பயிரா என்பது கருவிக்குத் தெரியாது. 'மஞ்சள் நிறமாக', 'வெளிர் மஞ்சள்', 'மஞ்சளாகி' என்பன போன்று எழுதினால் பயிர் விலகி நிறம் நிற்கும். அதன் பின்னும், நெல்லில் இலை மஞ்சளாதற்குக் காரணங்கள் பலவாகும். தழைச்சத்துக் குறைவினால் மஞ்சளானால் முதலில் முதிர்ந்த இலைகளிலும், இரும்புச் சத்துக் குறைவினாலானால் இளந்தளிரிலும் அது தோன்றும். துங்ரோ நோயில் இலை ஆரஞ்சு கலந்த மஞ்சளாகிப் பயிர் குட்டையாகும். அதனைப் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி. துத்தநாகக் குறைவு காணின் 0.5 சதவீத ஜிங்க் சல்பேட்டோடு 1 சதவீத யூரியாவைக் கரைத்துத் தெளிக்கலாம். அதே கரைசல் துங்ரோவைத் தீர்க்காது. ஆகையால் கைப்பேசியை எடுக்குமுன் வயலில் இறங்கி, எந்த இலையில் முதலிற் கண்டது, எவ்விடத்தில் தொடங்கிற்று, இலையின் அடிப்புறத்தில் பூச்சி உண்டா என்பவற்றைப் பார்த்தல் வேண்டும். பார்க்காதவனுக்குத் தேடுவதற்குச் சொல்லே கிடையாது.

சிலர் முறையாகத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை என்பர். சொல் நூலில் இருப்பது கண்ணுக்குத் தெரியும். கருவியோ இல்லை என்று கூறும். இதற்குக் காரணம் எழுத்துரு. யூனிகோடு என்னும் பொது முறை பரவுமுன், தமிழ் எழுத்துக்களைக் கணினியில் அமைக்கப் பலர் பல முறைகளைக் கையாண்டனர். பார்வைக்குத் தமிழாயினும், உள்ளே அவை வேறு குறிகளாகவே பதிவாகியிருக்கும். தமிழ்நாடு அரசினர் யூனிகோடு முறையை ஏற்று உத்தரவு பிறப்பித்தது 2010-ஆம் ஆண்டில். அதற்கு முந்திய கோப்புகளிலும், பிந்திய சிலவற்றிலும் பழைய முறை இருக்கின்றது. இதனைச் சோதிக்க எளிய வழி உண்டு. பக்கத்திலுள்ள ஒரு சொல்லைத் தொட்டு நகலெடுத்துத் தேடும் கட்டத்தில் ஒட்டிப் பார்க்க. அதே தமிழ்ச் சொல் தோன்றினால் அந்நூலில் தேடலாம். பொருளற்ற குறிகள் தோன்றினால் அதிற் சொல் தேடுதல் வீண். பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கத்தைப் புரட்டுவதே வழி. அச்சுப் புத்தகத்தைப் படமெடுத்து ஏற்றியிருப்பின் ஒட்டுவதற்கே ஒன்றும் வராது. வேறு சில கோப்புகளில் கொம்பு பெற்ற எழுத்துக்கள் மட்டும் இடம் மாறிப் பதிவாகியிருக்கும். அவற்றில் 'வேர்', 'நெல்', 'கொள்ளு' முதலியன அகப்படா. 'உரம்', 'அளவு', 'சல்பேட்' போன்ற சொற்களுள் கொம்பில்லாத 'உரம்', 'அளவு' ஆகியவற்றையும், எண்களையும் கொடுத்தால் பெரும்பாலும் அகப்படும்.

கிடைத்த பத்தி எப்பொழுது எழுதப்பட்டது என்று பாராமல் அதனைப் பின்பற்றுதல் கூடாது. இதனைச் சற்று வற்புறுத்தியே கூறவேண்டியிருக்கின்றது. நூலின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் இணையத்தில் அருகருகே கிடக்கின்றன. தேடும் கருவி இரண்டையும் ஒன்றாகவே காட்டும். எண்டோசல்பான் என்னும் மருந்தை 2011-ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. போரேட் குருணை, டைக்ளோர்வாஸ், டிரையசோபாஸ், பாஸ்பாமிடான் ஆகியவை மத்திய அரசினர் 2018 ஆகஸ்டிற் பிறப்பித்த உத்தரவின்படி 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு தடுக்கப்பட்டன. எனினும் பழைய பக்கங்களில் இவற்றின் அளவுகள் இன்னும் எழுதியபடியே காணப்படுகின்றன. மருந்தின் பெயர் கிடைத்தவுடன், அப்பெயரோடு 'தடை' என்னும் சொல்லைச் சேர்த்து மறுபடியும் ஒருமுறை தேடுதல் நன்று. இச்சிறிய வேலைக்கு ஒரு நிமிஷமே ஆகும். அன்றியும், வாங்கிய டப்பியின் மீதும் அதனோடுள்ள துண்டுத்தாளிலும் நமது பயிரின் பெயர் இருக்கின்றதா என்று பார்த்தே உபயோகித்தல் வேண்டும்.

புதிதாய் வந்த பூச்சிகளில் இதற்கு எதிர்மாறான தவறு நேரும். மக்காச்சோளத்தைத் தாக்கும் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவில் முதன்முதல் காணப்பட்டது 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், நமக்கு அண்டையிலுள்ள கர்நாடகத்தில். ஆகையால் அதற்கு முன் அச்சான நூலில் 'படைப்புழு' என்று தேடினால் வருவது நெல்லைத் தாக்கும் வேறொரு புழுவேயாம். பெயர் ஒன்றாயிருப்பதால் அதுவே இதுவென்று எண்ணிவிடுவர். மக்காச்சோளப் புழுவின் தலையில் ஆங்கில ஒய் எழுத்தைத் தலைகீழாக வைத்தது போன்ற வெள்ளைக் குறியும், பின்பகுதியில் சதுரமாய் அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் காணப்படும். இக்குறிகள் பத்தியில் இல்லையேல் அது இப்புழுவைப் பற்றியதன்று. தென்னையிற் காணும் சுருள் வெள்ளை ஈயும் 2016-ஆம் ஆண்டில்தான் நம் நாட்டில் அறியப்பட்டது; அதனைப் பழைய நூலில் தேடிப் பயனில்லை.

அளவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. நூல்களிற் பெரும்பாலும் எக்டர்க் கணக்கே உள்ளது. நாமோ ஏக்கரில் எண்ணுகின்றோம். ஓர் எக்டர் 2.47 ஏக்கராகும். எக்டருக்கு 12.5 டன் தொழு உரம் என்று கண்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 5 டன் என்று கொள்க. உரத்தில் தவறினால் பணம் நஷ்டம். பூச்சி மருந்தில் எக்டர் அளவை ஏக்கருக்கு இட்டால் பயிர் கருகும், தெளிப்பவர் உடலுக்கும் கேடு. ஆகையால் அளவு கண்ட வரியை மட்டும் படித்து நிறுத்தாமல், அதற்கு மேலும் கீழும் உள்ள வரிகளையும், அட்டவணையாயின் அதன் தலைப்பையும் படித்தல் அவசியம்.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சிச் செயலர்களும் இவ்விஷயத்தில் ஓர் உதவி செய்யலாம். அவரவர் ஊரில் வழங்கும் பயிர், பூச்சி, நோய்ப் பெயர்களை ஒரு பக்கத்திலும், நூலில் வழங்கும் பெயரையும் தாவரவியற் பெயரையும் எதிர்ப்பக்கத்திலும் எழுதி, ஊராட்சி அலுவலகத்திலோ நூலகத்திலோ தொங்கவிட்டால், தேட வருவோர்க்கு அதுவே அகராதியாகும். தெலுங்கு, கன்னடப் பெயர்களையும் அதிற் சேர்த்தல் வேண்டும். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் இன்னும் பல பெயர்கள் கிடைக்கும். நூலாசிரியர்கள் அறியாத பெயர்களும் அவற்றுள் இருக்கக்கூடும்.

இவ்வளவு செய்தும் ஐயம் தீரவில்லையாயின், கிசான் கால் சென்டர் என்னும் தொலைபேசி நிலையத்தை 1800-180-1551 என்னும் எண்ணிற் கட்டணமின்றி அழைக்கலாம். 2004 ஜனவரியில் தொடங்கப்பட்ட இந்நிலையத்தில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழில் விடை கூறுகின்றனர். அழைக்குமுன் பயிர், ரகம், நட்ட தேதி, கண்ட குறி, ஏற்கெனவே இட்ட உரமும் தெளித்த மருந்தும், நூலிற் படித்த பத்தியின் தலைப்பு ஆகியவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொள்க. பையூர் நிலையத்துக்கோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ நேரிற் செல்வோர் நோய் கண்ட செடியை வேரோடு பிடுங்கி, ஈரத்துணியிற் சுற்றி, உடன் கொண்டு செல்லுதல் வேண்டும்.